நூற்றுக்கணக்கான மறுமொழிகள் உள்ள விவாதத் திரிகளை வாசிக்க எந்த உலாவி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) நல்லது?

திண்ணைவாசி கேட்டது:

வணக்கம். ஹேக்கர் நியூஸ், ரெட்டிட் என்ற இரண்டு விவாதத் தளங்களிலும் 500, 800 மறுமொழி தாண்டிய திரிகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மூன்று இடைஞ்சல்கள்.

முதல் மறுமொழிக்குக் கீழேயே நூறு பதில் குவிந்துவிடுகிறது. அடுத்த தனிக் கருத்து எங்கே தொடங்குகிறது என்று தேடி உருட்டிக்கொண்டே போகவேண்டும். அடுத்தது, காலையில் பார்த்த திரியை மாலையில் திறந்தால் எது படித்தது, எது புதிது என்று பிரித்தறிய வழியில்லை. மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மவுஸைத் தொடவேண்டியிருக்கிறது.

விண்டோஸ் மடிக்கணினியில் குரோம், கைபேசி ஆண்ட்ராய்டு. உலாவியை விசைகளால் இயக்கும் விமியம் நீட்சி ஏற்கெனவே இருக்கிறது. இவை போக, ஒரே வரிசையாக 60, 70 பக்கம் ஓடும் வன்பொருள் மன்றங்கள் சிலவும், டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில் இயங்கும் தளங்கள் சிலவும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீட்சி கிடைக்குமா? எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அனுமதி கேட்பவற்றைப் போடத் தயக்கமாக இருக்கிறது.

---

நிரல்நெசவு:

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று என்பது இல்லை. அப்படி விளம்பரம் செய்துகொள்வது எதையும் நம்பிப் போடாதீர்கள். ஒரு நீட்சியால், உலாவிக்குள் ஏற்கெனவே வந்து இறங்கிய பக்கத்தில்தான் வேலை செய்ய முடியும். நீங்கள் சொல்லும் தளங்கள் ஒவ்வொன்றும் திரியை ஒவ்வொரு விதமாக அனுப்புகின்றன.

ஹேக்கர் நியூஸ் கிளை கிளையாகப் பிரியும் மொத்த மறுமொழி மரத்தையும் சாதாரண அட்டவணை வரிசைகளாக அனுப்பிவிடும். எந்த மறுமொழி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது இடப்பக்க வெற்றிடத்தின் அகலத்தை வைத்தே தெரியும். ஒரு படிக்கு 40 பிக்சல். அதனால் அங்கே நீட்சி எழுதுவது எளிது, எழுதியதும் வருடக்கணக்கில் உடையாமல் ஓடும். ரெட்டிட் மரத்தின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு மீதியை 'லோட் மோர் கமென்ட்ஸ்' என்ற இணைப்புக்குப் பின்னால் வைத்திருக்கும். டிஸ்கோர்ஸ் 20 பதிவுகளாக இறக்கும். மேலே உருண்டு போனவற்றைப் பக்கத்திலிருந்து அகற்றியும் விடும். பழைய மன்றங்கள் பக்கம் பக்கமாக வெட்டித் தருகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: 'நீட்சி வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் நிறைய, உண்மையில் அந்த மறுமொழி பக்கத்துக்கே வரவில்லை என்பதுதான்.

ஹேக்கர் நியூஸை முதலில் முடித்துவிடுவோம். நீட்சி போடும் முன்பு, தளத்திலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மறுமொழியின் தலைப்பு வரியிலும், பெயருக்கும் நேரத்துக்கும் அடுத்து, சின்ன எழுத்தில் சில இணைப்புகள் இருக்கின்றன. முதல் மட்ட மறுமொழியில் 'நெக்ஸ்ட்' அழுத்தினால், இடையில் நூறு பதில் இருந்தாலும் அத்தனையையும் தாண்டி அடுத்த முதல் மட்ட மறுமொழியில் போய் நிற்கும். பதில்களில் 'பேரன்ட்' என்பது யாருக்குப் பதில் சொல்கிறார்களோ அந்த மறுமொழிக்கும், இன்னும் ஆழத்தில் இருப்பவற்றில் 'ரூட்' என்பது அந்தக் கிளையின் அடி மறுமொழிக்கும் கொண்டுபோகும். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இருக்கும் கழித்தல் குறி கிளையை மடக்கும். மடக்கியதும் அதற்குள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக்கை காட்டும். உங்கள் முதல் இடைஞ்சலுக்கு இதுவே போதும். இந்த இணைப்புகள் வெளிர்சாம்பல் நிறத்தில் இருப்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது இடைஞ்சலுக்கு 'காமென்ட்ஸ் ஆவுல் ஃபார் ஹேக்கர் நியூஸ்' என்ற நீட்சி. நீங்கள் போனமுறை திறந்ததற்குப் பின் வந்த மறுமொழிகளைத் தனியாக அடையாளமிட்டுக் காட்டும். புதிதாக எதுவும் வராத கிளைகளைத் தானே மடக்கிவைக்கும். மாலையில் 600 மறுமொழித் திரியைத் திறந்தால் புதியவை இருக்கும் கிளைகள் மட்டும் விரிந்திருக்கும். இதைவிடப் பயனுள்ள ஒரு வசதி இந்த வகை நீட்சிகளில் இல்லை என்பது என் கருத்து. குறிப்பிட்ட பயனர்களின் மறுமொழிகளை மறைக்கவும், பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதிவைக்கவும் முடியும். அனுமதியும் ஹேக்கர் நியூஸுக்கு மட்டும்தான்.

இரண்டு இடங்களில் சறுக்கும். 'போனமுறை' என்கிற கணக்கு அந்த உலாவிக்குள்தான் இருக்கிறது. மறைநிலைச் சாளரத்தில் திறந்தாலோ, உலாவியை மூடும்போது தளத் தரவை அழிக்கும்படி அமைத்திருந்தாலோ, ஒவ்வொரு முறையும் முதல்முறையாகவே கருதும். அடுத்து, மடங்கிய கிளைக்குள் இருக்கும் சொல்லை உலாவியின் கன்ட்ரோல்+எஃப் தேடல் கண்டுபிடிக்காது, ஏனென்றால் மறைக்கப்பட்ட வரிசைகளை அது பார்ப்பதே இல்லை. சொல் தேடவேண்டுமானால் முதலில் விரியுங்கள், பிறகு தேடுங்கள்.

ஒரே தளத்துக்கு இரண்டு நீட்சி வேண்டாம். 'ரிஃபைன்ட் ஹேக்கர் நியூஸ்' என்று இன்னொன்று உண்டு. அதில் இடப்பக்க வெற்றிடத்தைச் சொடுக்கினாலே கிளை மடங்கும், அதுவும் நல்ல வசதிதான். ஆனால் மடக்கும் வேலையை இரண்டு நீட்சிகள் ஒரே பக்கத்தில் செய்தால், ஒன்று மடக்கியதை மற்றது விரிக்கும்.

---

பழைய பாதை:

ரெட்டிட் பற்றி நான் சொல்கிறேன்.

அங்கே தேர்வு நீட்சியில் தொடங்குவதில்லை, எந்த ரெட்டிட் என்பதில் தொடங்குகிறது. இப்போதைய இயல்பு முகப்பு தனித்தனி வலைக் கூறுகளால் கட்டப்பட்டது. ரெட்டிட்டுக்கு விசைகளும் கூடுதல் வசதிகளும் தரும் 'ரெட்டிட் என்ஹான்ஸ்மென்ட் சூட்' நீட்சி, சுருக்கமாக ஆர்.இ.எஸ்., பழைய முகப்பில்தான் முழுதாக ஓடும். புது முகப்பில் அதைப் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று தேடுபவர்கள் நிறைய. ஆகவே முதலில் கணக்கு அமைப்புகளில் பழைய ரெட்டிட்டையே இயல்பாக வைக்கும் விருப்பத்தை இயக்குங்கள். தேடுபொறியிலிருந்து வரும் இணைப்புகளும் பழைய முகப்புக்கே போகவேண்டுமென்றால் 'ஓல்ட் ரெட்டிட் ரீடைரக்ட்' என்ற சின்ன நீட்சி போதும். படத்தொகுப்பு போன்ற சில பக்கங்களைப் பழைய முகப்பு காட்டாது. அவற்றை அது திருப்பாமல் விட்டுவிடும், அது கோளாறு அல்ல.

அடுத்து, நீட்சியைத் தொடாமலே செய்யவேண்டிய ஒன்று. பழைய ரெட்டிட் ஒரு திரிக்கு இயல்பாக 200 மறுமொழிகளைத்தான் இறக்கும். மறுமொழிகளுக்கு மேலே 'டாப் 200 காமென்ட்ஸ்' என்ற வரியும் பக்கத்தில் 500ஐக் காட்டும் இணைப்பும் இருக்கும். விருப்பத்தேர்வுகளில் இந்த எண்ணையே 500 என்று மாற்றிவிடுங்கள். 1 முதல் 500 வரை ஏற்கும். பக்கம் திறக்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் 'லோட் மோர்' அழுத்தும் வேலை பெரிதும் குறையும். ஆழம் 10 படியைத் தாண்டினால் 'கன்டினியூ திஸ் த்ரெட்' என்று வெட்டிவிடும். அதைத் தவிர்க்க முடியாது, தனித் தாவலில் திறந்துகொள்ளுங்கள்.

இப்போது ஆர்.இ.எஸ். போட்டபின் விசைகள் இவை. ஜே அடுத்த மறுமொழி, கே முந்தையது. ஷிஃப்ட்+ஜே அதே மட்டத்தில் இருக்கும் அடுத்தது, அதாவது நடுவில் உள்ள பதில்களைத் தாண்டும். ஷிஃப்ட்+கே அதன் எதிர்த்திசை. பி அழுத்தினால் தாய் மறுமொழி. என்டர் கிளையை மடக்கும், விரிக்கும். கேள்விக்குறியை அழுத்தினால் முழுப் பட்டியலும் திரையில் வரும். உங்கள் கை பழக வேண்டியது ஷிஃப்ட்+ஜே, என்டர் இரண்டும்தான்: பிடிக்காத கிளையா, என்டர், அடுத்ததற்கு, ஷிஃப்ட்+ஜே. கவனம், ஏ விசை மேல்வாக்கு, இஸட் கீழ்வாக்கு. கை தவறிப் போட்ட வாக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. வாக்களிக்கும் பழக்கம் இல்லையென்றால் விசைப்பலகை அமைப்பில் போய் அந்த இரண்டையும் காலியாக்கிவிடுங்கள்.

அமைப்புகளில் மூன்று கூறுகளைப் பாருங்கள். 'ஹைட் சைல்ட் காமென்ட்ஸ்' என்பதில் தானியங்கி விருப்பத்தை இயக்கினால், திரி திறக்கும்போதே முதல் மட்ட மறுமொழிகள் மட்டும் தெரியும். வேண்டியதை மட்டும் விரித்துக்கொள்ளலாம். 700 மறுமொழியும் ஒரு பொருளடக்கம்போல் ஆகிவிடும். செய்முறை விளக்கம், கேள்வி பதில் வகைத் திரிகளுக்கு அருமை. வாதம் நீண்டு ஓடும் திரிகளுக்கு ஒத்துவராது, ஏனென்றால் நல்ல மறுப்பு பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் மட்டத்தில் இருக்கும். 'காமென்ட் நேவிகேட்டர்' என்பது திரியைத் தொடங்கியவர் எழுதியவை, நெறியாளர் எழுதியவை, படம் உள்ளவை என்று வகை பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வைக்கும். வல்லுநர் ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் திரிகளில் அவர் பதில்களை மட்டும் பார்க்க இதைவிட விரைவான வழியில்லை. அதில் 'பாப்புலர்' என்ற வகை மதிப்பெண் வரிசையில் தாவும், மேலிருந்து கீழாக அல்ல. பக்கம் மேலும் கீழும் குதிப்பதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். மூன்றாவது 'நியூ காமென்ட் கவுன்ட்'. போனமுறைக்குப் பின் எத்தனை புதிய மறுமொழி என்று பட்டியலிலேயே, திரியின் மறுமொழி எண்ணிக்கைக்கு அருகில் காட்டும். திறக்கலாமா வேண்டாமா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

பக்கம் தடுமாறினால் முதலில் அணைக்கவேண்டியது பயனர் பெயரின்மேல் சுட்டி போனதும் திறக்கும் விவரப் பெட்டியும், படங்களைத் தானே விரிக்கும் வசதியும். 500 மறுமொழிப் பக்கத்தில் இவை இரண்டும்தான் சுமை.

ஆர்.இ.எஸ். இப்போது பராமரிப்பு நிலையில் இருக்கிறது. புதிய வசதிகளை எதிர்பார்க்கக்கூடாது. பழைய முகப்பு இருக்கும்வரை பயன்படும், அது போனால் இதுவும் போகும். இதைத் தெரிந்தே போடுங்கள்.

---

திண்ணைவாசி:

இருவருக்கும் நன்றி. ஹேக்கர் நியூஸில் எல்லாம் சரியாக இருக்கிறது. ரெட்டிட்டில் ஆர்.இ.எஸ். போட்டுப் பார்த்தேன். ஜே அழுத்தினால் பக்கம் கொஞ்சம் கீழே நகர்கிறது, மறுமொழி தேர்வாகவில்லை. ஷிஃப்ட்+ஜே அழுத்தினால் வேறு தாவலுக்குப் போய்விடுகிறது. சில நேரம் எந்த விசைக்குமே அசைவதில்லை. எங்கே பார்க்கவேண்டும்?

---

நிரல்நெசவு:

முதல் இரண்டும் விமியத்தின் வேலை. அதில் ஜே என்றால் கீழே உருட்டு, ஷிஃப்ட்+ஜே என்றால் இடப்பக்கத் தாவல். விசை முதலில் விமியத்திடம் போய்விடுகிறது, ஆர்.இ.எஸ்ஸுக்கு வந்து சேருவதில்லை. பி அழுத்திப் பார்த்திருந்தால் இன்னும் எரிச்சலாகியிருக்கும்: விமியத்தில் அது, நகலெடுத்து வைத்த முகவரியை இதே தாவலில் திறக்கும். தாய் மறுமொழிக்குப் போக நினைத்து அழுத்தினால் திரியே காணாமல் போகும்.

தீர்வு இது. விமியத்தின் விருப்பங்களைத் திறந்து, விலக்கப்பட்ட முகவரிகளும் விசைகளும் என்ற பகுதியில் ஒரு விதி சேருங்கள். முகவரிப் பெட்டியில் பழைய ரெட்டிட்டின் முகவரியும் அதன்பின் நட்சத்திரக் குறியும். விசைப் பெட்டியில் சிறிய ஜே, கே, பி, எக்ஸ், பெரிய ஜே, கே என்று இடைவெளி இல்லாமல். இப்போது அந்த ஆறு விசைகள் மட்டும் ஆர்.இ.எஸ்ஸுக்குப் போகும், எஃப் அழுத்தி இணைப்புகளுக்கு எழுத்துக்குறி வரவழைப்பது போன்ற மற்றவை விமியத்திடமே இருக்கும். விசைப் பெட்டியைக் காலியாக விட்டால் அந்தத் தளத்தில் விமியம் முழுவதும் அணைந்துவிடும், அது வேண்டாம். ஒரே ஒரு முறை தேவையென்றால் ஐ அழுத்துங்கள். எஸ்கேப் அடிக்கும்வரை எல்லா விசையும் பக்கத்துக்கே போகும்.

எந்த விசைக்கும் அசையாத கோளாறு வேறு. பெரும்பாலும் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும். தமிழ்99இல் ஜே இருக்கும் இடம் ப, கே இருக்கும் இடம் ம. அழுத்தப்பட்ட விசையின் இடத்தைப் பார்க்கும் நீட்சிகள் தப்பித்துக்கொள்ளும். உருவான எழுத்தைப் பார்ப்பவை 'ப' என்று எந்தக் கட்டளையும் தங்களிடம் இல்லை என்று சும்மா இருந்துவிடும், பிழைச்செய்தியும் வராது. விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். விமியத்தைப் பொறுத்தவரை மேம்பட்ட விருப்பங்களில் விசைப்பலகை அமைப்பைப் பொருட்படுத்தாதே என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் தமிழ்99 இயங்கும்போதும் ஜே, ஜேதான். தமிழில் பதில் எழுதிக்கொண்டே வாசிப்பவர்கள் முதல் நாளிலேயே செய்துவைக்கவேண்டிய அமைப்பு இது.

இன்னொன்றும் பாருங்கள்: கர்சர் தேடல் பெட்டிக்குள்ளோ பதில் எழுதும் பெட்டிக்குள்ளோ நின்றுகொண்டிருந்தால் எந்த நீட்சியும் விசையை எடுக்காது. எடுக்கவும் கூடாது.

---

பக்கம்70:

வன்பொருள் மன்றங்களைப் பற்றி இன்னும் யாரும் தொடவில்லை.

ஒரே வரிசையாக ஓடும் மன்றங்களுக்கு எல்லாரும் முதலில் சொல்வது, பக்கங்களைத் தானே ஒட்டிக்கொண்டே போகும் நீட்சி. 'இன்ஃபி ஸ்க்ரோல்' அந்த வகையில் நன்றாக எழுதப்பட்டது. அடுத்த பக்கத்தை அது இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கும்: பக்கத்தில் உள்ள 'அடுத்து' இணைப்பைப் பின்பற்றுவது, அல்லது முகவரியில் உள்ள எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது. கூட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு கூட்டவேண்டும் என்பதில்தான் தவறு நடக்கும். ஜென்ஃபோரோ என்ற மென்பொருளில் இயங்கும் மன்றங்களில் முகவரி பக்க எண்ணைச் சொல்லும், 1 கூட்டினால் போதும். பி.எச்.பி.பி.பி. மென்பொருளில் இயங்கும் மன்றங்களில் அது பக்க எண் அல்ல, எத்தனையாவது பதிவிலிருந்து தொடங்குவது என்பது. ஒரு பக்கத்துக்கு 10 பதிவு என்றால் 10 கூட்டவேண்டும், 25 என்றால் 25. 10 பதிவுப் பக்கத்தில் 1 கூட்டினால் ஒவ்வொரு ஒட்டலிலும் ஒன்பது பதிவுகள் திரும்பத் திரும்ப வரும். ஒரே பதிவுகள் மீண்டும் வருவதைக் கண்டால் காரணம் அநேகமாக இதுதான். முடிந்தவரை 'அடுத்து' இணைப்பு முறையையே வையுங்கள்.

ஆனாலும் 70 பக்கத் திரிக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். பக்கத்துக்கு 20 பதிவு என்றால் 1400 பதிவுகள், அவற்றின் கையொப்பப் படங்கள், மேற்கோள்கள் எல்லாம் ஒரே தாவலில் தேங்கும். நடுவில் உலாவி அந்தத் தாவலைத் தூங்கவைத்து மீண்டும் திறந்தால், எங்கே விட்டீர்களோ அந்த இடம் போய்விடும். நான்கைந்து பக்கத் திரியை ஒரே மூச்சில் படிக்க நல்லது, அவ்வளவுதான்.

நீண்ட திரிக்கு மன்றத்திலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்நுழைந்திருந்தால், எதுவரை படித்தீர்கள் என்று மன்ற மென்பொருளே நினைவில் வைத்திருக்கும். திரித் தலைப்புக்கு முன்னால் இருக்கும் சின்னக் குறியைச் சொடுக்கினால் முதல் படிக்காத பதிவுக்கே போகலாம். ஜென்ஃபோரோவில் திரி முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு 'அன்ரெட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தாலும் அதே வேலை நடக்கும். வீட்டுக் கணினி, அலுவலகக் கணினி, கைபேசி மூன்றிலும் ஒரே கணக்கு ஒரே இடத்தைக் காட்டும். எந்த நீட்சியும் இதைத் தராது. பக்கம் புரட்ட, உங்களிடம் இருக்கும் விமியமே போதும்: வலது சதுர அடைப்புக்குறியை இரண்டு முறை அழுத்தினால் 'அடுத்து' என்ற இணைப்பைத் தேடிப் பின்பற்றும். ஹேக்கர் நியூஸில் இதை முயலவேண்டாம், அங்கே ஒவ்வொரு மறுமொழியிலும் ஒரு 'நெக்ஸ்ட்' இருக்கிறது.

டிஸ்கோர்ஸுக்கு நீட்சியே தேவையில்லை. ஜே, கே விசைகள் அங்கே பிறவியிலேயே உண்டு. எண்குறியை, அதாவது ஹேஷை அழுத்தினால் எத்தனையாவது பதிவு என்று கேட்கும், எண்ணைக் கொடுத்தால் நேராக அங்கே போகும். கேள்விக்குறி முழுப் பட்டியலைக் காட்டும். முகவரியின் கடைசி எண்ணும் பதிவு எண்தான், அதை மாற்றினாலும் போதும். நீண்ட திரியில் கன்ட்ரோல்+எஃப் அழுத்தினால் டிஸ்கோர்ஸ் தன் சொந்தத் தேடலைத் திறக்கும். அதைப் பார்த்துக் கோபப்படுபவர்கள் உண்டு, ஆனால் நிரல்நெசவு சொன்னதுபோலப் பக்கத்தில் ஒரு பங்கு பதிவுகளே இருப்பதால் உலாவித் தேடல் மற்றவற்றைத் தவறவிடும். தளத்தின் தேடல்தான் முழுத் திரியையும் பார்க்கும். உலாவித் தேடலே வேண்டுமென்றால் மறுபடி ஒருமுறை கன்ட்ரோல்+எஃப் அழுத்துங்கள்.

விமியத்தில் டிஸ்கோர்ஸ் தளங்களுக்கும் ஜே, கே, கேள்விக்குறி, ஹேஷ் விலக்கு விதி போட மறக்கவேண்டாம்.

---

பூட்டுசாவி:

அனுமதி பற்றிய தயக்கம் நியாயமானது, அதற்குத் தனியாகப் பதில் வேண்டும்.

திரி வாசிக்க உதவும் நீட்சிக்கு அந்தத் தளத்தின் அனுமதி மட்டும் போதும். ஹேக்கர் நியூஸ் நீட்சி வங்கிப் பக்கத்தைப் படிக்க ஒரு காரணமும் இல்லை. விமியம், இன்ஃபி ஸ்க்ரோல், பக்கத் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலஸ் போன்றவை எந்தத் தளத்திலும் ஓடவேண்டியவை என்பதால் அகன்ற அனுமதி கேட்கின்றன. அங்கே நீங்களே குறுக்கலாம். குரோமில் நீட்சியின் விவரப் பக்கத்தைத் திறந்து தள அணுகல் என்ற இடத்தில் 'எல்லாத் தளங்களிலும்' என்பதைக் 'குறிப்பிட்ட தளங்களில்' என்று மாற்றி, வேண்டிய மன்றங்களை மட்டும் சேருங்கள். இன்ஃபி ஸ்க்ரோலை 'சொடுக்கும்போது மட்டும்' என்று வைத்தாலும் உங்கள் பயன்பாட்டுக்குப் போதும்.

இன்று நல்லதாக இருக்கும் நீட்சி நாளை கைமாறலாம் என்பதே பெரிய ஆபத்து. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற, லட்சக்கணக்கானோர் வைத்திருந்த நீட்சி 2020இல் வேறு கைக்குப் போனது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் இருப்பதாக கூகுள் அதை நீக்கியது. பக்கங்களின் தோற்றத்தை மாற்றும் 'ஸ்டைலிஷ்' பயனர்களின் உலாவல் வரலாற்றைச் சேகரித்தது 2018 ஜூலையில் வெளியாகி, கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பெயர் ஒத்திருப்பதால் சொல்கிறேன், 'ஸ்டைலஸ்' வேறு. அது திறமூல மென்பொருள். புதுப்பித்தலுக்குப் பின் ஒரு நீட்சி கூடுதல் அனுமதி கேட்டு நின்றால், ஏற்கும் முன்பு ஏன் என்று அதன் மாற்றக் குறிப்பில் தேடுங்கள். ஒரு தளத்து நீட்சி திடீரென்று எல்லாத் தளங்களையும் கேட்டால் நீக்கிவிடுங்கள்.

இதே காரணத்தால் சிறிய வேலைகளுக்கு நீட்சியைவிடப் பயனர்நிரல், அதாவது பக்கத்தின்மேல் நாமே ஓட்டும் சிறு நிரல், நல்லது. அவற்றை ஓட்டும் டேம்பர்மங்கி நீட்சி ஒன்றைப் போட்டுவிட்டு, பயனர்நிரல்களைப் பகிரும் கிரீஸி ஃபோர்க் தளத்திலிருந்து ஒரு சிறு நிரல். முப்பது நாற்பது வரிதான் இருக்கும், முழுவதையும் படித்துவிடலாம். தலைப்பகுதியில் எந்த முகவரிகளில் ஓடும் என்ற வரி இருக்கும். அதில் நீங்கள் நினைத்த தளம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். குரோம் 138 முதல், நீட்சியின் விவரப் பக்கத்தில் பயனர்நிரல்களை அனுமதிக்கும் பொத்தானைத் தனியாக இயக்கவேண்டும். அதை இயக்காவிட்டால் நிரல் நிறுவப்பட்டதாகவே காட்டும், ஆனால் ஓடாது.

நிரல் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை என்றால் ஒரு சோதனை. திரியைப் பட்டியலிலிருந்து சொடுக்கித் திறந்து பாருங்கள். ஓடவில்லையா, அதே பக்கத்தில் எஃப்5 அழுத்துங்கள். இப்போது ஓடினால், அந்தத் தளம் பக்கத்தைப் புதிதாக ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுகிறது என்று பொருள். நிரலோ பக்கம் ஏறும்போது ஒரேயொரு முறை மட்டும் விழிக்கிறது. ரெட்டிட்டின் புது முகப்பிலும் டிஸ்கோர்ஸிலும் இது அடிக்கடி நடக்கும். முகவரி மாறுவதைக் கவனிக்கும் நிரலாகத் தேடிப் போடவேண்டும். எஃப்5 அழுத்தியும் ஓடவில்லையென்றால் தளத்தின் கட்டமைப்பு மாறிவிட்டது. எழுதியவர் புதுப்பிக்கும்வரை ஒன்றும் செய்யமுடியாது. ஸ்டைலஸ் கொண்டு உள்தள்ளல் கோடுகளுக்கு நிறம் கொடுக்க முயல்பவர்களும் புது ரெட்டிட்டில் முட்டிக்கொள்வார்கள். வலைக் கூறுகளுக்குள் மறைந்திருக்கும் பகுதிக்கு வெளியிலிருந்து போடும் பாணி போய்ச் சேராது. பழைய முகப்பில் அந்தத் தொல்லை கிடையாது.

---

மூன்றாம் கிளை:

கைபேசிக்கு என் பங்கு.

ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள் கிடையாது. முன்பு பலர் பயன்படுத்திய கிவி உலாவி 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பழைய பதிப்பைப் போட்டு ஓட்டாதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ஃபயர்ஃபாக்ஸ்தான் சரியான வழி. 2023 டிசம்பரிலிருந்து அதன் நீட்சித் தளத்தை ஆண்ட்ராய்டுக்கு முழுதாகத் திறந்துவிட்டார்கள். காமென்ட்ஸ் ஆவுல் அங்கே கிடைக்கிறது, கைபேசிக்கென்று சில திருத்தங்களும் அதில் உண்டு. ஆனால் மடிக்கணினியில் படித்ததைக் கைபேசி அறியாது. ஒரு திரியை ஒரே கருவியில் தொடர்வது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஆர்.இ.எஸ்ஸைக் கைபேசியில் முயலவேண்டாம், பழைய முகப்பின் எழுத்தே விரலுக்கு அடங்காது.

கேள்வியில் இல்லாவிட்டாலும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: நீண்ட சிக்கல் (இஷ்யூ) திரிகளுக்கு 'ரிஃபைன்ட் கிட்ஹப்' போடுங்கள். 'எனக்கும் இதே' என்று கட்டைவிரல் மட்டும் காட்டும் மறுமொழிகளை மறைத்துவிட்டு, பயனுள்ளதாக அதிகம் பேர் குறித்த மறுமொழியைத் தனியாகக் காட்டும். தீர்வு 90ஆவது மறுமொழியில் இருக்கும் திரிகளில் அருமை தெரியும். விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களுக்கு 'கன்வீனியன்ட் டிஸ்கஷன்ஸ்' என்ற பயனர்நிரல் இருக்கிறது. அது நீட்சி அல்ல, உங்கள் விக்கிக் கணக்கின் நிரல் பக்கத்தில் சேர்ப்பது. அதனால் எந்த உலாவியில் உள்நுழைந்தாலும் கூடவே வரும். போனமுறைக்குப் பின் வந்த கருத்துகளை நிறமிட்டுக் காட்டும்.

---

திண்ணைவாசி:

விலக்கு விதி போட்டதும் ஆர்.இ.எஸ். சரியாகிவிட்டது. அசையாமல் நின்றதற்கும் தமிழ்99தான் காரணம். இன்ஃபி ஸ்க்ரோலை இப்போதைக்குப் போடவில்லை, மன்றங்களில் உள்நுழைந்து படிக்காத பதிவுக்குத் தாவுவதே போதுமாக இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: ஆர்.இ.எஸ். அமைப்புகளை அலுவலகக் கணினிக்கும் கொண்டுபோக முடியுமா?

---

பழைய பாதை:

முடியும். அமைப்புகளில் காப்பும் மீட்பும் என்ற கூறு இருக்கிறது. அதில் கோப்பாகச் சேமித்து, அந்தக் கணினியில் ஆர்.இ.எஸ். நிறுவியபின் அதே இடத்தில் ஏற்றுங்கள். மீட்கும்போது அங்கே ஏற்கெனவே இருப்பவை மேலெழுதப்படும், ஒன்றுசேராது. இரண்டு கணினியிலும் தனித்தனியே பயனர் குறிப்புகள் எழுதியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். குரோமிலிருந்து நீட்சியை நீக்கினால் இவை எல்லாமே அழிந்துவிடும் என்பதால், கோளாறு பார்க்க நீக்கி மீண்டும் நிறுவும் முன்பும் ஒரு கோப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நீக்குவதற்குப் பதில் அணைத்து இயக்கிப் பார்ப்பதே பெரும்பாலும் போதும். விமியத்தின் விலக்கு விதிகள் இந்தக் கோப்பில் வராது, அவற்றுக்கு விமியத்தின் விருப்பப் பக்கத்தில் தனிக் காப்பு உண்டு.